எண்பதில் ஆடும் சக்கரம்

கோடை விடுமுறை முடிந்து ஒரு குடும்பம் திருநெல்வேலியிலிருந்து மதுரைக்குக் காரில் வந்துகொண்டிருந்தது. காரை ஓட்டியவர் மாமா. அருகில் அத்தை. பின் இருக்கையில் பதினோராம் வகுப்பு படிக்கும் மருமகனும் அவன் தங்கையும். கயத்தாறு தாண்டியதும் முன்பக்க இடச் சக்கரம் பஞ்சர் ஆயிற்று. சாலையோரக் கடை ஒன்றில் சக்கரத்தைக் கழற்றி, டயரைப் பிரித்து, ஒட்டு போட்டு, மீண்டும் மாட்டிக் கொடுத்தார்கள். அரை மணி நேரத்தில் கார் புறப்பட்டுவிட்டது.

மணிக்கு 60 கி.மீ. வேகம் வரை ஒன்றும் தெரியவில்லை. முள் 80-ஐத் தொட்டதும் ஸ்டியரிங் சக்கரம் மாமாவின் கைகளில் படபடவென்று நடுங்கத் தொடங்கியது. அவர் வேகத்தைக் குறைத்தார், நடுக்கமும் குறைந்தது. மீண்டும் 80, மீண்டும் நடுக்கம்.

"சரி, 60-லேயே போய்விடுவோம். அரை மணி தாமதம் ஆகும், அவ்வளவுதானே!" என்றார் மாமா.

"மாமா, 60-ல் ஆடாத சக்கரம் 80-ல் மட்டும் ஏன் ஆடுகிறது? சக்கரம் அதே சக்கரம்தானே?" என்று கேட்டான் மருமகன்.

மாமாவிடம் விடை இல்லை. உங்களிடம் இருக்கிறதா? இது பொழுதுபோக்குக்காகக் கேட்ட கேள்வி அன்று. அந்தக் காரில் இருந்த நான்கு பேரின் பாதுகாப்பு இதன் விடையில் அடங்கியிருந்தது. எப்படி என்பதைக் கடைசியில் பார்ப்போம். முதலில் சக்கரத்தைப் புரிந்துகொள்வோம்.

ஒரு சைக்கிள் சோதனை

உங்கள் வீட்டுச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துங்கள். முன் சக்கரத்தை மெதுவாகச் சுழற்றிவிட்டு, அது தானாக நிற்கும் வரை காத்திருங்கள். ஆரக்கால்களுக்கு இடையில் விரலை நுழைக்காதீர்கள். சக்கரம் நின்றதும் மிகக் கீழே உள்ள இடத்தில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். இதைப் போல ஐந்து முறை செய்து பாருங்கள். பேரிங் நன்றாக, தடையின்றிச் சுழலுமானால், பெரும்பாலும் ஒரே இடம்தான் கீழே வந்து நிற்கும். அந்த இடத்தில் வால்வு இருக்கலாம். சிவப்பு விளக்குபோல் மின்னும் பிரதிபலிப்பான் இருக்கலாம். எதுவாயினும், சக்கரத்தின் மற்ற இடங்களைவிட அங்கே எடை கூடுதல் என்பது தெளிவு.

இப்போது அந்த இடத்திற்கு நேர் எதிரே, மேல்பக்கத்தில், சிறிது களிமண்ணை ஒட்டுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே வாருங்கள். ஒரு கட்டத்தில், சக்கரத்தை எங்கே நிறுத்தினாலும் அங்கேயே நிற்கும். இனி அது எந்தப் பக்கமும் சாயாது. நீங்கள் ஒரு சக்கரத்தைச் சமன் செய்துவிட்டீர்கள்! கார்ப் பட்டறையில் 'வீல் பேலன்சிங்' என்று எழுதி வைத்திருக்கிறார்களே, அதன் அடிப்படை இதுதான்.

எந்தக் கார் டயரும் ரிம்மும் கிராம் சுத்தமாக எல்லா இடத்திலும் ஒரே எடையில் இருப்பதில்லை. ரப்பர் ஓர் இடத்தில் சற்றுத் தடிப்பாக இருக்கும். ரிம்மில் வால்வுக்குத் துளை இருக்கும். ஆகவேதான் ரிம்மின் விளிம்பில் சிறு உலோகக் கட்டிகளைப் பொருத்திச் சமன் செய்கிறார்கள். அடுத்த முறை ஏதாவது ஒரு காரின் சக்கரத்தைக் கவனித்துப் பாருங்கள். கொக்கி போல் விளிம்பில் மாட்டிய கட்டியோ, உட்புறத்தில் ஒட்டிய சதுர வில்லைகளோ கண்ணில் படும்.

முப்பது கிராம் என்ன செய்யும்?

முப்பது கிராம் என்பது சில நாணயங்களின் எடை. ஒரு டன்னுக்கு நெருக்கமான காரை இது எப்படி ஆட்டும்? கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஒரு கல்லைக் கயிற்றில் கட்டித் தலைக்கு மேல் சுழற்றினால் கயிறு கையை இழுக்கிறது. வேகம் கூடினால் இழுப்பும் கூடுகிறது. கல்லை வட்டப் பாதையில் வைத்திருக்க நம் கை அதை உள்நோக்கி இழுக்க வேண்டும். அதற்கு எதிர்விளைவாகக் கல் நம் கையை வெளிநோக்கி இழுக்கிறது. சக்கரத்தின் கனமான இடமும் இப்படித்தான் அச்சை வெளிநோக்கி இழுக்கிறது. இந்த இழுப்பின் அளவு:

விசை = நிறை × ஆரம் × கோண வேகத்தின் வர்க்கம்

ஒரு சிறிய காரின் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் கார் ஏறத்தாழ 1.8 மீட்டர் நகரும் என்று கொள்வோம். மணிக்கு 90 கி.மீ. என்பது வினாடிக்கு 25 மீட்டர். ஆகவே சக்கரம் வினாடிக்கு 25 ÷ 1.8, அதாவது ஏறத்தாழ 13.9 முறை சுற்றுகிறது. கோண வேகம் 2 × 3.14 × 13.9, அதாவது வினாடிக்கு 87 ரேடியன். கூடுதல் நிறை 0.03 கிலோகிராம். அது ரிம்மின் விளிம்பில், அச்சிலிருந்து 0.165 மீட்டர் தொலைவில் இருக்கிறது.

விசை = 0.03 × 0.165 × 87 × 87. இது ஏறத்தாழ 38 நியூட்டன்.

ஏறக்குறைய 4 கிலோ அரிசிப் பையின் எடைக்குச் சமமான இழுப்பு இது! இந்த இழுப்பு சும்மா ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருக்கவில்லை. கனமான இடம் மேலே வரும்போது அச்சை மேலே இழுக்கிறது. முன்னே வரும்போது முன்னே. கீழே வரும்போது கீழே. பின்னே வரும்போது பின்னே. இப்படி வினாடிக்குப் பதினான்கு முறை திசை சுற்றி வருகிறது.

வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப விசை மாறுகிறது என்பதைக் கவனியுங்கள். 30 கி.மீ. வேகத்தில் இதே சக்கரத்தில் விசை ஒன்பதில் ஒரு பங்குதான். 4 நியூட்டன் அளவு. 60-இல் 17 நியூட்டன். 90-இல் 38. 120-இல் 67. வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்கு. 60-இல் அமைதியாக இருந்தது 80-இல் தலைகாட்டுவதற்கு இது முதற் காரணம்.

ஊஞ்சல் சொல்லும் பாடம்

ஆனால் இது மட்டுமே காரணம் என்றால், 100-இல் இன்னும் அதிகமாக ஆட வேண்டும் அல்லவா? பல கார்களில் 80 முதல் 90 வரை கடுமையாக ஆடி, 105, 110-இல் ஆட்டம் தணிந்துவிடுகிறது. விசை கூடிக்கொண்டே போகும்போது ஆட்டம் குறைவது எப்படி?

ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். தங்கையை ஊஞ்சலில் ஆட்டும்போது கண்ட நேரத்தில் தள்ளினால் ஊஞ்சல் தடுமாறும். அது திரும்பி வந்து போகத் தொடங்கும் அந்தத் தருணத்தில், விரலால் தொட்டுத் தள்ளினாலே போதும், உயர உயரப் போகும். ஊஞ்சலுக்கென்று ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. நம் தள்ளல் அதனோடு பொருந்தும்போது சிறு விசையும் பெரிய ஆட்டத்தை உண்டாக்கும். இதற்கு ஒத்ததிர்வு என்று பெயர்.

காரின் சக்கரத்திற்கும் ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. சக்கரம் மேலே சுருள்வில்லுக்கும் கீழே டயருக்கும் இடையில் இருக்கிறது. காற்றடைத்த டயரும் ஒரு வில்தான். காரின் சுருள்வில்லைவிடப் பலமடங்கு விறைப்பான வில். சிறிய கார் ஒன்றில் டயரும் சுருள்வில்லும் சேர்ந்து மீட்டருக்கு ஏறத்தாழ 2,00,000 நியூட்டன் விறைப்பு உள்ளவை என்றும், சக்கரமும் அதனோடு அசையும் பாகங்களும் 30 கிலோகிராம் என்றும் கொள்வோம். இயற்பியல் பாடத்தில் வில்லில் தொங்கும் எடைக்கு நீங்கள் படித்த அதே சூத்திரம் இங்கும் பொருந்தும். விறைப்பை நிறையால் வகுத்தால் 6,667. அதன் வர்க்கமூலம் 81.6. அதை 2 × 3.14 ஆல் வகுத்தால் 13. ஆகவே இந்தச் சக்கரம் வினாடிக்கு 13 முறை துள்ள விரும்புகிறது.

சக்கரம் வினாடிக்கு 13 முறை சுற்றும்போது காரின் வேகம் என்ன? 13 × 1.8 = 23.4 மீட்டர், மணிக்கு 84 கி.மீ.! அந்த வேகத்தில்தான் கனமான இடத்தின் தள்ளலும் சக்கரத்தின் துள்ளலும் கைகோத்துக்கொள்கின்றன. மருமகன் கேட்ட கேள்விக்கு விடை இதுதான். வேகம் இன்னும் கூடினால் தள்ளல் முந்திவிடுகிறது. பொருத்தம் கலைந்து ஆட்டம் குறைகிறது.

"ஆட்டம் வந்தால் ஆக்சிலேட்டரை மிதி, 100-ஐத் தாண்டினால் போய்விடும்" என்று சிலர் சொல்வதுண்டு. இது ஆபத்தான யோசனை. போய்விடுவது நம் கைக்குத் தெரியும் ஆட்டம்தான். விசை போய்விடுவதில்லை. நம் கணக்குப்படி 110-இல் அது 56 நியூட்டனாக வளர்ந்து, பேரிங்கையும் ஸ்டியரிங் இணைப்புகளையும் சத்தமில்லாமல் தேய்த்துக்கொண்டிருக்கும்.

நேராக நின்றாலும் சமன் இல்லை!

சைக்கிள் சோதனையில் சமனான சக்கரம்கூட வேகமாகச் சுழலும்போது ஆடக்கூடும். இது வியப்பாக இருக்கிறதா?

கார்ச் சக்கரம் சைக்கிள் சக்கரம் போல் மெலிந்தது அன்று. அதற்கு ஒரு சாண் அளவு அகலம் உண்டு. அதன் உள்விளிம்பில் ஓரிடத்தில் 30 கிராம் கூடுதல் என்றும், வெளிவிளிம்பில் அதற்கு நேர் எதிரே 30 கிராம் கூடுதல் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்திப் பார்த்தால் இரண்டும் ஒன்றையொன்று ஈடு செய்துவிடும். சக்கரம் எந்தப் பக்கமும் சாயாது. சுழலும்போதோ, ஒன்று உள்பக்கத்தில் மேலே இழுக்க, மற்றொன்று வெளிப்பக்கத்தில் கீழே இழுக்கும். ஒரு கம்பின் இரு முனைகளை இருவர் எதிரெதிர்த் திசையில் இழுத்தால் கம்பு திரும்புவதுபோல், சக்கரம் இடமும் வலமுமாக நெளியும். முதலில் கண்டது நிலைச் சமனின்மை. இது இயக்கச் சமனின்மை.

ஆகவேதான் பட்டறையில் சக்கரத்தைக் கழற்றி ஒரு பொறியில் மாட்டிச் சுழற்றுகிறார்கள். அச்சில் உள்ள உணர்விகள் எந்த விளிம்பில், எந்த இடத்தில், எத்தனை கிராம் தேவை என்று அளந்து காட்டுகின்றன. பெரும்பாலும் 5 கிராம் படிகளில் கட்டிகளைப் பொருத்துவார்கள். முன்பு இவை ஈயத்தால் ஆனவை. ஈயம் மண்ணையும் நீரையும் நச்சாக்கும் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் இந்தக் கட்டிகளில் அதை விலக்கியது. இரும்பும் துத்தநாகமும் அந்த இடத்தைப் பிடித்தன.

மருத்துவரைப் போல் கேளுங்கள்

காய்ச்சல் என்று போனால் நல்ல மருத்துவர் உடனே ஊசி போடுவதில்லை. எப்போது வந்தது, எங்கே வலி என்று கேட்கிறார். சக்கரத்தின் ஆட்டத்திற்கும் அப்படித்தான் கேட்க வேண்டும்.

எங்கே தெரிகிறது? ஸ்டியரிங்கில் நடுக்கம் என்றால் பெரும்பாலும் முன் சக்கரம். முன் சக்கரங்கள் ஸ்டியரிங்குடன் தண்டுகளால் இணைக்கப்பட்டவை. சக்கரம் முன்னும் பின்னும் இழுபடும்போது அந்த இழுப்பு நேரே கைக்கு வந்து சேர்கிறது. ஸ்டியரிங் அமைதியாக இருந்து, இருக்கையும் தரையும் நடுங்கினால் பின் சக்கரத்தைச் சந்தேகிக்கலாம்.

எப்போது வருகிறது? குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் வந்து போனால் சமனின்மை. பிரேக் மிதிக்கும்போது மட்டும் வந்தால் பிரேக் டிஸ்க். டிஸ்க் சுற்றிலும் ஒரே தடிப்பில் இருக்க வேண்டும். தடிப்பில் ஒரு மில்லிமீட்டரின் ஐம்பதில் ஒரு பங்கு வேறுபாடு வந்தாலே பிரேக் பிடியும் நழுவும் மாறி மாறி வந்து காலிலும் கையிலும் நடுக்கம் தெரியும். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது ஆடி, காலை எடுத்ததும் அடங்கினால், சக்கரத்திற்குச் சக்தி கொண்டுசெல்லும் தண்டின் இணைப்பு தேய்ந்திருக்கலாம்.

மெதுவாகப் போகும்போதே கார் தாலாட்டுவதுபோல் ஆடுகிறதா? ரிம் குழியில் இடித்து வளைந்திருக்கலாம். அல்லது டயரின் உள்ளே உள்ள கம்பி அடுக்கு பிரிந்து ஒரு புடைப்பு ஏற்பட்டிருக்கலாம். இது மிகவும் ஆபத்தானது, டயர் வெடிக்கக்கூடும். எத்தனை கட்டி பொருத்தினாலும் இந்த ஆட்டம் தீராது. டயரை மாற்றுவது ஒன்றே வழி.

முன்கதை என்ன? பல நாள் நிறுத்தி வைத்த கார் முதல் சில கிலோமீட்டர் மட்டும் ஆடி, டயர் சூடேறியதும் சரியானால், தரையில் அழுந்திய இடம் தட்டையாகியிருந்தது என்று பொருள். மழையில் சேற்றுப் பாதையில் போய்வந்த மறுநாள் ஆடினால், ரிம்மின் உட்புறத்தில் காய்ந்து ஒட்டிய சேற்றைத் தேடுங்கள். ஒரு வாளித் தண்ணீரிலேயே தீர்ந்துவிடும் நோய் அது! சக்கரத்தைக் கழற்றி மாட்டிய உடனே ஆடத் தொடங்கினால்? அதைத் தனியே பார்க்கப் போகிறோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'அலைன்மெண்ட்' வேறு, 'பேலன்சிங்' வேறு. சக்கரங்கள் ஒன்றுக்கொன்று சரியான கோணத்தில் நிற்கின்றனவா என்று பார்ப்பது அலைன்மெண்ட். அது கெட்டால் கார் ஒரு பக்கம் இழுக்கும். டயர் ஒரு ஓரமாகத் தேயும். நடுக்கத்துக்கு நேரான காரணம் அதுவன்று. இரண்டையும் குழப்பிக்கொண்டு வீணாகப் பணம் கொடுத்து வருபவர்கள் பலர்.

எண்ணிப் பார்த்தும் பிடிக்கலாம்

ஆடுவது சக்கரமா, எஞ்சினா? ஒரு நல்ல சோதனை உண்டு. நேரான, நெரிசலற்ற சாலையில், அனுபவமுள்ள ஓட்டுநர் அதே வேகத்தை ஒரு முறை நான்காம் கியரிலும் ஒரு முறை ஐந்தாம் கியரிலும் ஓட்டிப் பார்க்கட்டும். கார் வேகம் மாறாததால் சக்கரத்தின் சுழற்சி மாறாது. எஞ்சினின் சுழற்சி மட்டும் மாறும். நடுக்கம் மாறாமல் இருந்தால் குற்றவாளி சக்கரம். மாறினால் எஞ்சின் பக்கம் தேடுங்கள். ஒன்றை மாற்றி மற்றதை மாற்றாமல் வைத்துப் பார்ப்பது என்று ஆய்வகத்தில் சொல்லித் தருகிறார்களே, அதே முறைதான்.

இன்னொரு வழி, அதிர்வுகளை எண்ணுவது. இன்றைய கைப்பேசிகளுக்குள் முடுக்கத்தை அளக்கும் சிறு கருவி இருக்கிறது. அதைக்கொண்டு அதிர்வெண்ணைக் காட்டும் செயலிகளும் உண்டு. ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகத்தார் 2016-இல் வெளியிட்ட 'பைபாக்ஸ்' அவற்றுள் ஒன்று. ஓட்டுபவர் அன்று, அருகில் அமர்ந்திருப்பவர் கைப்பேசியைத் தரையில் வைத்து அளக்க வேண்டும். 90 கி.மீ. வேகத்தில் வினாடிக்கு 14 அதிர்வு என்று காட்டினால், அது சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு முறை தரும் உதை. எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 முறை சுற்றினால் வினாடிக்கு 50. பின்சக்கர உந்துதல் உள்ள கார்களில் நடுவே ஓடும் நீண்ட தண்டு, பல் சக்கர விகிதம் நான்கு என்றால், சக்கரத்தைப்போல் நான்கு மடங்கு, அதாவது 56 முறை சுற்றும். ஒவ்வொரு பாகத்திற்கும் ஓர் எண் உண்டு. எண்ணே குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும்.

கோவில்பட்டியில் நடந்தது

மருமகன் விடாமல் நச்சரித்ததால், மாமா கோவில்பட்டியில் ஒரு பட்டறையின் முன் காரை நிறுத்தினார்.

"ஆட்டம் எங்கே தெரியுது, எப்போ வருது? ரெண்டையும் சொல்லுங்க, மிச்சத்தை நான் பார்த்துக்கிடுதேன்" என்றார் மெக்கானிக்.

"ஸ்டியரிங்கில் தெரிகிறது அண்ணாச்சி. எண்பதில் வருகிறது. பஞ்சர் ஒட்டிய பிறகுதான்" என்றான் பையன்.

'பஞ்சர்' என்ற சொல்லைக் கேட்டதும் அவர் பேலன்சிங் பொறியின் பக்கம் போகவில்லை. வீல் ஸ்பேனரை எடுத்து, முன் இடச் சக்கரத்தின் நட்டுகளில் வைத்தார். நான்கில் இரண்டு, கை பலம் இல்லாமலே சுற்றின!

மாமாவின் முகம் வெளுத்துவிட்டது.

ஏன் என்று பாருங்கள். சக்கரத்தைத் தாங்குவது நட்டு மாட்டும் திருகாணிகள் என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில், இறுக்கிய நட்டு ரிம்மை ஹப்பின் முகத்தோடு அழுத்திப் பிடிக்கிறது. அந்த அழுத்தத்தால் எழும் உராய்வே சுமையைத் தாங்குகிறது. நட்டு தளர்ந்தால் உராய்வு போய்விடும். ஒவ்வொரு சுற்றிலும் ரிம் சற்றே நகரும்; திருகாணி ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிரும். ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் பலமுறை வளைத்தால் ஒடிந்துவிடுகிறதே, அந்த உலோகச் சோர்வு இங்கும் வரும். கோவில்பட்டியிலிருந்து மதுரை ஏறத்தாழ 100 கி.மீ. அதற்குள் சக்கரம் 55,000 முறைக்கு மேல் சுற்றும். "60-லேயே போய்விடுவோம்" என்று போயிருந்தால், அத்தனை முறை அந்தத் திருகாணிகள் வளைந்திருக்கும். நட்டுகளும் மேலும் தளர்ந்துகொண்டே போயிருக்கும். வேகத்தைக் குறைத்தது நோயைக் குறைக்கவில்லை. நோயின் அறிகுறியை மறைத்தது.

மெக்கானிக் மற்றச் சக்கரங்களுக்கு அடியில் கட்டை வைத்து, ஜாக்கி போட்டுத் தூக்கினார். கடிகார முகத்தில் 12-உம் 6-உம் உள்ள இடங்களில் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார். பேரிங்கில் தளர்ச்சி இல்லை. 9-உம் 3-உம் உள்ள இடங்களில் பிடித்து ஆட்டினார். ஸ்டியரிங் இணைப்பிலும் தளர்ச்சி இல்லை. பிறகு சக்கரத்தைக் கழற்றினார். ஹப்பிற்கும் ரிம்மிற்கும் இடையில் துருவும் மண்ணும் ஒரு பொருக்காக ஒட்டியிருந்தன. அதனால் ரிம் நேராக உட்காரவில்லை. கம்பித் தூரிகையால் இரு முகங்களையும் சுத்தமாகத் தேய்த்து, சக்கரத்தை மாட்டினார்.

நட்டுகளை அவர் வரிசையாக இறுக்கவில்லை. ஒன்றை இறுக்கி, அடுத்து அதற்கு எதிரே உள்ளதை, இப்படிக் குறுக்காகவே இறுக்கினார். அப்போதுதான் ரிம் எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் படியும். காரைக் கீழே இறக்கிய பின் அளவுகாட்டும் ஸ்பேனரால் இறுதி இறுக்கம் கொடுத்தார். சிறிய கார்களுக்கு இது பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை இருக்கும். சரியான எண் காரின் கையேட்டில் உண்டு. 100 நியூட்டன் மீட்டர் என்றால், கால் மீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் ஏறத்தாழ 40 கிலோ எடையைத் தொங்கவிட்டதுபோல. குறைந்தாலும் கெடுதி, மிதித்து மிதித்து அதிகமாக இறுக்கினாலும் திருகாணி நீண்டு கெடும்.

ஓட்டிப் பார்த்தார்கள். ஆட்டம் பெரிதும் குறைந்திருந்தது. ஆனால் 80, 85-இல் மெல்லிய நடுக்கம் இன்னும் இருந்தது.

"இது போதும், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன்" என்றார் மாமா.

"மொதல்லயும் அப்படித்தானே நினைச்சீங்க?" என்று சிரித்தார் மெக்கானிக்.

சக்கரத்தைத் துணியால் துடைத்தபோது பையன்தான் அதைக் கண்டான். ரிம்மின் விளிம்பில் விரல் அகலத்துக்கு ஓர் இடம் மட்டும் அழுக்கின்றிப் பளிச்சென்று இருந்தது. அங்கே ஒரு கட்டி இருந்திருக்கிறது. டயரைப் பிரிக்கும்போது விழுந்துவிட்டது! பொறியில் மாட்டிச் சுழற்றினால், வெளிவிளிம்பில் 35 கிராம் குறைவு என்று காட்டியது; காட்டிய இடமும் அந்தப் பளிச்சிட்ட இடமே. கட்டியைப் பொருத்தி, மறுபடி சுழற்றி, இரு விளிம்பிலும் சுழி என்று வந்த பிறகே சக்கரத்தைக் காரில் மாட்டினார். இப்போது 60, 80, 90 எதிலும் நடுக்கம் இல்லை.

"அம்பது கிலோமீட்டர் போனதும் நட்டை ஒரு தடவை பார்த்துக்கிடுங்க. புதுசா மாட்டின சக்கரம் படிஞ்சு கொஞ்சம் இளகும்" என்று சொல்லி அனுப்பினார். விருதுநகரில் தேநீர் குடிக்க நிறுத்தியபோது, ஸ்பேனரோடு முதலில் இறங்கியவர் மாமாதான்.

பழைய தொல்லை, பெரிய மாற்றம்

சக்கர ஆட்டம் கார்களின் வடிவத்தையே மாற்றியிருக்கிறது. 1920-களில் குறைந்த காற்றழுத்தம் உள்ள 'பலூன்' டயர்கள் வந்தன. பயணம் மென்மையாயிற்று, ஆனால் முன் சக்கரங்கள் இரண்டும் இடமும் வலமுமாகக் கடுமையாக உதறத் தொடங்கின. அக்காலத்தில் முன் சக்கரங்கள் இரண்டும் ஒரே உறுதியான அச்சில் பூட்டப்பட்டிருந்தன. ஒன்று துள்ளினால் அச்சு சாயும். சுழலும் சக்கரத்தின் அச்சைச் சாய்த்தால் அது பம்பரத்தைப்போல் பக்கவாட்டில் திரும்ப முயலும். அந்தத் திருப்பம் மற்றச் சக்கரத்தையும் இழுக்கும். ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே மேலும் கீழும் அசையும் அமைப்பு இதற்கு நல்ல மாற்றாக அமைந்தது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1934-ஆம் ஆண்டுக் கார்களில் இதைக் கொண்டுவந்தது. இன்று சாலையில் காணும் ஏறக்குறைய எல்லாக் கார்களின் முன் சக்கரங்களும் தனித்தனியே அசைபவைதாம்.

மாணவ நண்பர்களே, நடுக்கம் என்பது இயந்திரம் பேசும் மொழி. எங்கே, எப்போது, அதற்கு முன் என்ன நடந்தது என்ற மூன்று கேள்விகளைக் கேட்டால் அந்த மொழி நமக்குப் புரியும். எளிதானதையும் ஆபத்தானதையும் முதலில் பாருங்கள். செலவு மிகுந்ததைக் கடைசியில் பாருங்கள். ஒரு காரணம் கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடாதீர்கள்.

செய்து பாருங்கள்

1. வீட்டில் பெரியவர் ஒருவரின் துணையுடன், நின்றிருக்கும் காரின் டயரிலும் அதற்கு நேர்கீழே தரையிலும் சாக்குக்கட்டியால் குறியிடுங்கள். சமதரையில் காரை மெதுவாகத் தள்ளி, டயரின் குறி மீண்டும் கீழே வரும் இடத்தை அளந்தால், ஒரு சுற்றுக்கு நகரும் தொலைவு கிடைக்கும். அதைக்கொண்டு 80 கி.மீ. வேகத்தில் சக்கரம் வினாடிக்கு எத்தனை முறை சுற்றும் என்று கணக்கிடுங்கள்.

2. ஒரு சக்கரத்தில் 60 கி.மீ. வேகத்தில் சமனின்மை விசை 20 நியூட்டன். 90 கி.மீ. வேகத்தில் எவ்வளவு? (விடை: 45 நியூட்டன்.)

3. உங்கள் வீட்டு மின்விசிறி ஆடுகிறதா? எந்த வேகத்தில் மிகுதியாக ஆடுகிறது என்று கீழே நின்று கவனியுங்கள். அதிவேகத்தில்தான் ஆட்டம் மிகுதியா, நடுவில் ஒரு வேகத்திலா? காரணத்தை நீங்களே சொல்லுங்கள்.